சேஃப்டி ரேசர், பிரஷ், சோப்பு: பினாங்கு ஈரத்தில் வாங்குவதும் வைத்துக் காப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பதினோரு வருஷமாகச் சேஃப்டி ரேசரில்தான், அதாவது இரண்டு பக்கமும் கூருள்ள ஒற்றைப் பிளேடை மாற்றி மாற்றிப் போடும் ரேசரில்தான், சவரம் செய்கிறேன். வீடு ஜெலுத்தோங்கில், கடல் காற்று சமையலறை ஜன்னல் வரைக்கும் வரும். வேலையிடத்திலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்துக் கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இந்தச் சாமான்களைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்ந்த, காய்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இங்கே இந்தப் பொருள்கள் தேய்ந்து கெடுவதைவிட நனைந்தபடி கிடந்து கெடுவதே அதிகம்.

கார்ட்ரிட்ஜ் ரேசர் இருக்கும்போது எதற்கு இந்தப் பழைய முறை?

என் கழுத்துக்காகத்தான் மாறினேன். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்த கறுத்த முடிச்சுகளாக இருக்கும். மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட் வார் அதன்மேல் உரசும். சாயங்காலம் சட்டைக் காலரில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டு தெரியும். லெபோ பசாரில் முடிவெட்டப் போனபோது அந்த அண்ணன் என் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒரே பிளேடு. ஒரே தடவை. முடி போற பக்கமாவே இழுங்க. மூணு வாரம் செஞ்சு பாருங்க."

காரணம் இதுதான். மூன்று, ஐந்து பிளேடு உள்ள கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைப் பிடித்துத் தூக்கும், அடுத்தது தோலின் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடும். நேரான முடி என்றால் ஒன்றும் ஆகாது. சுருட்டை முடி வளரும்போது வளைந்து பக்கத்துத் தோலையே குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். நம்மில் பலருக்குத் தாடி அப்படித்தான். ஒற்றைப் பிளேடு தோல் மட்டத்தோடு நின்றுகொள்கிறது. எனக்கு ஒரு மாதத்தில் முடிச்சுகள் அடங்கின. கறுப்பு மறைய அரை வருஷம் ஆனது. சீழ் பிடித்திருந்தால் மட்டும் ரேசரை வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

செலவும் குறையும். ஒரு நல்ல பிளேடு ஒரு வெள்ளிக்கும் கீழேதான்.

முதல் ரேசராக எதை வாங்கலாம்?

கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: தலை எப்படிப்பட்டது, எந்த உலோகம். பிளேடுக்குக் கீழே இருக்கும் தட்டின் ஓரம் வழவழவென்று மூடியிருந்தால் அது புதியவருக்கு. சீப்புப் பல்லைப் போலத் திறந்திருந்தால் நாலைந்து நாள் வளர்ந்த அடர்ந்த தாடிக்கு அது சுகம், ஆனால் கை பழகியிருக்க வேண்டும். முதல் வருஷம் மூடிய தலையே போதும்.

இந்த வகையில் பலரும் தொடங்குவது மூன்று ரேசர்களில்: ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்து மெர்கூர் 34சி, அதே நாட்டு மூலே ஆர்89, இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வரும் எட்வின் ஜாகர் டிஇ89. மூன்றும் சாது. என்னிடம் இருப்பது மெர்கூர். ஏறக்குறைய 77 கிராம், குட்டைக் கைப்பிடி. கையில் எடுத்ததும் கனம் தலைப்பக்கம் இருப்பது தெரியும். அந்தக் கனமே பிளேடை இழுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். நீங்களாக அழுத்தினால் அது வெட்டும்.

உலோகம்தான் இங்கே முக்கியம். மேலே சொன்ன மூன்றுக்கும் தலை துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் முலாம் பூசியது. முலாம் நன்றாக இருக்கும்வரை எதுவும் ஆகாது. கீழே போட்டு ஓரம் பெயர்ந்துவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் புகும், உள்ளே வெள்ளையாகப் பூத்துப் பொரியத் தொடங்கும். அதற்கு மருந்து இல்லை. துருப்பிடிக்காத எஃகில் கடைந்து செய்த ரேசர்களும் உண்டு. விலை பல மடங்கு, ஆனால் நம் பாத்ரூமில் தலைமுறை தாண்டி நிற்கும். முதலில் முலாம் போட்டதை வாங்கி ஒரு வருஷம் பழகுங்கள். இந்தப் பழக்கம் பிடித்திருக்கிறதா என்றே தெரியாமல் எஃகுக்குப் பணம் போட வேண்டாம்.

கைப்பிடியைத் திருகினால் தலை இரண்டாகத் திறக்கும் வகை பார்க்க அழகு. ஆனால் அதன் கீல்களுக்குள் சோப்பும் ஈரமும் தங்கும். மூன்று துண்டாகக் கழன்று வருவதைத் துடைத்தால் முடிந்தது. ஈர ஊரில் என் ஓட்டு அதற்குத்தான்.

லோரோங் குலிட் சந்தையில் பழைய ஜில்லெட் பார்த்தேன். வாங்கலாமா?

தாராளமாக. காலையில் சீக்கிரம் போனால் பழைய கைக்கடிகாரம், காசு, கரண்டி இவற்றுக்கு நடுவே ரேசரும் கிடக்கும். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலின் வாரக் கடைசிச் சந்தையில் தேடலாம். ஜில்லெட் ரேசர் விற்பனைக்கு வந்த 1903-இல் மொத்தம் போனது 51 ரேசரும் 168 பிளேடும்தான். அதற்குப் பிறகு எத்தனையோ மாதிரிகள் வந்துவிட்டன, ஆனாலும் அன்றைய ரேசர்களில் பெரும்பாலானவற்றில் இன்று கடையில் வாங்கும் பிளேடு அப்படியே உட்காரும். இங்கே கிடைப்பவற்றில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று பொறித்தவை நிறைய. அமெரிக்காவில் செய்தது என்றால் தலையின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பாருங்கள். 1951-க்குப் பிறகு எழுத்து வருஷத்தையும், எண் காலாண்டையும் சொல்லும்: ஏ என்றால் 1955, எஃப் என்றால் 1960. பிறந்த வருஷத்து ரேசரைத் தேடி அலையும் ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார்.

வாங்கும் முன் தலையைக் கழற்றி மரையைப் பாருங்கள், மழுங்கியிருந்தால் வேண்டாம். கைப்பிடியின் மேல் விளிம்பில் மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தலையை மூடியபின் இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பச்சைக் களிம்புக்குப் பயப்பட வேண்டாம். உள்ளே பித்தளை, அதனால் களிம்பு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சுத்தம் செய்வதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைத் தடுத்தாக வேண்டும். பித்தளை என்று கேட்டதும் குத்துவிளக்குக்குப் போடுவதைப் போலப் புளியைப் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். மேலே இருப்பது மெல்லிய நிக்கல் முலாம். புளியும் எலுமிச்சையும் முலாம் தேய்ந்த இடங்களில் பித்தளையை அரிக்கும், தேய்ப்பது மிச்ச முலாமையும் எடுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் ஊற வையுங்கள். பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். கடைசியில் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள்.

ரேசரோடு பழைய பிரஷையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத மிருக முடியில் செய்த பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் பரவியது வரலாறு. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், யாரோ பயன்படுத்திய பிரஷின் அடிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது.

எந்த பிளேடு நல்லது?

எனக்குப் பட்டுப் போல இருப்பது உங்களுக்கு எரியலாம். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மை, கை பழகாதவர்கள் தள்ளி வையுங்கள். பச்சை அட்டை ஆஸ்ட்ரா, துருக்கியின் டெர்பி, ஜில்லெட் செவன் ஓ'கிளாக் இவற்றில் ஐந்தைந்து வாங்கி, ஒரு வகையை இரண்டு வாரமாவது பயன்படுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தினம் ஒன்றாக மாற்றினால் குறை பிளேடிலா கையிலா என்று கடைசிவரை தெரியாது. பிடித்தது கிடைத்ததும் நூறாக வாங்குங்கள்.

ஒரு பிளேடு எத்தனை நாள்? துருப்பிடிக்கிறதே?

மூன்றிலிருந்து ஐந்து சவரம். முடியை இழுப்பது போல இருந்தால் அன்றோடு சரி. சவரம் முடிந்ததும் தலையைக் கொஞ்சம் தளர்த்தி ஓடும் தண்ணீரில் காட்டி, நன்றாக உதறி, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். பிளேடின் கூர்ப்பக்கத்தைத் துணியால் துடைக்காதீர்கள். விளிம்பில் உள்ள பூச்சும் போகும், விரலும் போகும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அலமாரிதான் மோசமான இடம். நான் ரேசரையும் பிரஷையும் படுக்கையறை மேசைக்கே கொண்டுவந்துவிடுகிறேன்.

பிளேடையே வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துத் தட்டைத் துடையுங்கள். பிளேடுக்கு அடியில் தங்கும் சோப்புப் படிவம் ஈரத்தை வைத்துக்கொண்டே இருக்கும். முலாம் அங்கேயிருந்துதான் கெட ஆரம்பிக்கும்.

பழைய பிளேடை எங்கே போடுவது?

குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். பையைத் தூக்குபவரின் கையைக் கிழிக்கும். கெட்டிப் பால் டின் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மேல் மூடியைத் திறக்காமல், தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி ஒரு கீறல் போடுங்கள். பிளேடு அகலத்துக்கு, ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். எதிர் ஓரத்தில் காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை. பாலை வடித்துத் தே தாரே தேநீருக்குப் பயன்படுத்திவிட்டு, வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கி, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவிக் கவிழ்த்துக் காய வையுங்கள். கொஞ்சம் இனிப்பு மிஞ்சினாலும் எறும்பு வந்துவிடும். என் டின் ஆறு வருஷமாக நிறையவில்லை.

பிரஷ்: எந்த முடி?

பன்றி முடி, பேட்ஜர் என்ற வளைக்கரடியின் முடி, குதிரை முடி, செயற்கை இழை என்று நான்கு வகை. இந்த ஊருக்கு நான் தயங்காமல் சொல்வது செயற்கை இழை. ஊற வைக்க வேண்டாம், நாற்றம் கிடையாது, இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த முரட்டு நைலான் இல்லை இப்போது வருவது. கன்னத்தில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது.

முஸ்லிம் நண்பர்கள் கேட்பதால் இதையும் சொல்கிறேன். பெட்டியில் 'போர்' அல்லது 'பிரிசில்' என்று இருந்தால் பெரும்பாலும் பன்றி முடி. பன்றி, நாய் ஆகியவற்றின் பாகங்களால் செய்த பொருளை அப்படிக் குறிப்பிட்டு, தனியாக வைத்துத்தான் விற்க வேண்டும் என்று மலேசியாவில் 2013-ஆம் ஆண்டின் ஆணை சொல்கிறது. இணையத்தில் வாங்கும்போது அந்தக் குறிப்பு இல்லாமலும் வரலாம், கேட்டு வாங்குங்கள். வீட்டில் சைவம் பார்ப்பவர்களுக்கும் செயற்கை இழையே நிம்மதி.

பிரஷை எப்படிக் காய வைப்பது? தொங்கவிடத்தான் வேண்டுமா?

தொங்கவிட்டாலும் நிற்க வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. காற்றுதான் வேலை செய்கிறது. நன்றாக அலசுங்கள், அடியில் சோப்பு தங்கக் கூடாது. தண்ணீரைப் பிழியும்போது முடியை இழுக்காதீர்கள். கையில் பிடித்து ஓர் உதறு, பிறகு காய்ந்த துண்டின்மேல் நாலு தடவை முன்னும் பின்னும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாத்திரச் சோப்புத் தண்ணீரில் சுழற்றிக் கழுவினால் படிவம் போகும். மழைக்காலத்தில் இயற்கை முடி பிரஷ் வைத்திருப்பவர்கள் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அடியில் கறுப்புப் புள்ளியும் பழைய சாக்கு வாடையும் வந்துவிட்டால் அது பூஞ்சணம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு தூக்கிப் போடுங்கள்.

சோப்பா, கிரீமா? மாட்டுக்கொழுப்பு இருக்குமா?

கிரீம் சுலபம், நுரை சீக்கிரம் வரும். கட்டிச் சோப்பு நாள் உழைக்கும்; என் கிண்ணத்தில் இருப்பது எட்டு மாதமாக ஓடுகிறது.

கொழுப்பு விஷயம் கேட்க வேண்டியதுதான். உறையில் 'டேலோவேட்' என்ற சொல் சோடியத்தோடோ பொட்டாசியத்தோடோ சேர்ந்து வந்தால் மிருகக் கொழுப்பு, பெரும்பாலும் மாடு அல்லது ஆடு. துருக்கியின் ஆர்கோ கட்டியில் இந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். அருமையாக நுரைக்கும் சோப்பு என்றாலும் என் அம்மா இருக்கும் வீட்டுக்குள் நான் அதைக் கொண்டுவருவதில்லை. அதை விட்டால் நஷ்டமும் இல்லை. சவரச் சோப்பின் கெட்டி நுரைக்குக் காரணம் ஸ்டியரிக் அமிலம்; அது கொழுப்பிலிருந்து மட்டுமல்ல, பனை எண்ணெயிலிருந்தும் வருகிறது. நம் தாத்தா பாட்டிமார் வேலை செய்த செம்பனைத் தோட்டங்களின் எண்ணெய்தான் இன்று உலகமெங்கும் சோப்பாகிறது.

கிண்ணத்தை மூடியே வைத்திருந்தால் சோப்பின் மேல் கொழகொழவென்று ஆகிவிடும். காய்ந்தபின் மூடுங்கள்.

நுரை நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன தவறு?

பத்தில் எட்டுப் பேர் சோப்பைப் போதாமல் எடுக்கிறார்கள். பினாங்குக் குழாய்த் தண்ணீர் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்று நீர். சோப்போடு சண்டை போடாத தண்ணீர் அது. அதனால் தண்ணீரைக் குறை சொல்ல வேண்டாம். ஈரமான பிரஷைச் சோப்பின்மேல் முப்பது விநாடி முழுக்கச் சுழற்றுங்கள். பிரஷ் முனையில் பசை போல ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் முகத்தில் வைத்துச் சுழற்றி, இரண்டு இரண்டு சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். சரியான நுரை தயிர் போல இருக்கும். பளபளக்கும், குமிழி தெரியாது. குமிழி தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, காய்ந்து பொருக்குத் தட்டினால் போதவில்லை.

2024 ஜனவரியில் பினாங்கில் நான்கு நாள் தண்ணீர் தடைப்பட்டபோது ஒரு குவளைத் தண்ணீரில் முழு சவரம் முடித்தேன். பாதி நுரைக்கு, பாதி ரேசரை அலச. முகத்தை ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

சவரத்தை எப்போது செய்வது?

ராத்திரி, குளித்துவிட்டு. குளித்த பிறகு முடி தண்ணீரில் ஊறி மெத்தென்று இருக்கும். காலையில் மழித்துவிட்டு வெயிலில் இறங்கினால் வியர்வை உப்பு பட்டு எரியும், ஹெல்மெட் வாரும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி மழித்தால் தோலுக்கு ஏழெட்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. காலையில் லேசாகச் சொரசொரக்கும் என்பது உண்மை. என்னைத் தவிர யாருக்கும் அது தெரிந்ததில்லை.

பிளேடு தோலுக்கு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் இருக்கட்டும். கைப்பிடியின் மேல் முனையைக் கன்னத்தில் வைத்து, பிளேடு முடியைத் தொடும்வரை மெல்லக் கீழே இறக்கினால் கோணம் தானாக அமையும். கழுத்தில் முடி எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு நாள் வளரவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். எனக்கு இடப்பக்கம் கீழ்நோக்கியும் வலப்பக்கம் காதை நோக்கியும் போகிறது.

படிகாரம் இன்னும் தேவையா?

தேவை. பாசாரில் 'தாவாஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள், விலை சில்லறைக் காசு. குளிர்ந்த தண்ணீரில் நனைத்து முகம் முழுக்க ஒரு தடவல், ஒரு நிமிஷம் விட்டுக் கழுவிவிடுங்கள். எந்த இடத்தில் சுரீரென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்கு மூன்று மாதத்தில் கையைச் சரிசெய்து கொடுத்தது இந்தக் கல்தான். கல்லைத் தண்ணீர் தேங்கும் சோப்புப் பெட்டியில் போட்டால் கரைந்து போகும்.

அப்பாவும் மகனும் ஒரே ரேசரைப் பயன்படுத்தலாமா?

கைப்பிடியும் தலையும், கழுவித் துடைத்தால், சரி. பிளேடும் படிகாரமும் ஆளுக்கு ஒன்று. ஹெப்பாடைட்டிஸ் பி, சி இரண்டும் ரத்தத்தில் பரவுபவை. கடைக்குப் போனாலும் இதைப் பாருங்கள்: நல்ல முடிதிருத்துநர் உங்கள் கண்முன்னே புது பிளேடை எடுத்து, உறையைப் பிரிக்காமல் காகிதத்தோடு மடக்குவார். டிக் என்று ஒரு சத்தம். பாதியைக் கத்தியில் செருகிவிட்டு மறுபாதியைக் காகிதத்திலேயே வைப்பார். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மடக்குச் சவரக் கத்தி வாங்க ஆசையாக இருக்கிறது.

ஆசை நியாயமானது. ஆனால் இது கரி எஃகு. ஜார்ஜ்டவுன் காற்றில் ஒரே ராத்திரியில் புள்ளி விழும். சவரம் முடிந்ததும் துடைத்து, பிடி மடங்கும் இடத்தில் டிஷ்யூ முனையை விட்டு ஈரத்தை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பூசுங்கள். சிலிக்கா பொட்டலம் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். சவரத்துக்கு முன் தோல் வாரில் நாற்பது ஐம்பது தடவை தீட்டுங்கள், முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர. வாரைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும்; என் முதல் வார் அப்படித்தான் போனது. தினமும் பத்து நிமிஷம் இதற்கென்று தர முடியாதவர்கள், கடைக்காரர்களைப் போல அரை பிளேடு செருகும் கத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்கு மொட்டை போட்டபின் தலைக்கும் இதே ரேசர் போதுமா?

போதும், மூடிய தலை ரேசர் என்றால். தண்ணீர்மலையில் முடி இறக்கிய முதல் வாரம் எதையும் செய்யாதீர்கள். சந்தனம் பூசி ஆற விடுங்கள். அதன்பிறகு முன்புறமிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து பிடரிக்கும் சின்னச் சின்ன இழுப்பாக. பின்பக்கம் கண்ணாடியைவிட இடது கை விரல்களை நம்புங்கள், அவை முன்னால் போகட்டும், ரேசர் பின்னால் வரட்டும். காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில்தான் எல்லாரும் வெட்டிக்கொள்கிறார்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

பிளேடு கைப்பையில் போகாது, சரக்குப் பெட்டியில் போகும். பெட்டி போடாமல் பயணம் என்றால் பிளேடு இல்லாத ரேசரை மட்டும் எடுத்துக்கொண்டு, போகிற ஊரில் பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷைக் காயாமல் பையில் திணிக்காதீர்கள். அவசரம் என்றால் டிஷ்யூவில் சுற்றி வையுங்கள், போய் இறங்கியதும் முதலில் அதை வெளியே எடுங்கள்.